தனக்கும் ஒரு வாளித் தண்ணீர்: வக்ஃபும் முதுமைக் காலப் பராமரிப்பும்

1913 ஆம் ஆண்டின் முசல்மான் வக்ஃப் செல்லுபடிச் சட்டம் மிகச் சிறிய சட்டம். சில பிரிவுகளே கொண்டது. அதன் மூன்றாம் பிரிவு, ஒரு முஸ்லிம் தன் குடும்பத்தார், பிள்ளைகள், வழித்தோன்றல்கள் ஆகியோரின் பராமரிப்புக்காக வக்ஃப் செய்யலாம் என்று அனுமதிக்கிறது. இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான அறத்திற்கோ சேரவேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பிரிவின் இரண்டாவது உட்பிரிவை நம்மில் பலர் வாசித்திருக்க மாட்டோம். வக்ஃப் செய்பவர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவராயின், தம் ஆயுட்காலம் முழுவதும் தம்முடைய சொந்தப் பராமரிப்புக்காகவும், தம் கடன்களை அடைப்பதற்காகவும் அச்சொத்தின் வருவாயை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது.

ஒரு மனிதர் தம் முதுமைக்குத் தாமே ஏற்பாடு செய்துகொள்வதை இந்திய நாட்டுச் சட்டம் ஒன்று ஒரு மத்ஹபின் பெயரைச் சொல்லி அனுமதிப்பது வியப்புக்குரியது. தமிழகத்துக்கு இதில் தனிப் பொருத்தமும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை முதலான கடற்கரை ஊர்களின் மக்கள் பெரும்பாலும் ஷாஃபிஈகள். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி. சென்னையின் மேற்குப் புறநகரில் இருசாராரும் ஒரே பள்ளிவாசலின் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அவ்வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரு முதியவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் சட்டம் வேறு வேறு. ஏன் அப்படி என்பதை அறிய ஹிஜ்ரி முதலாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இமாம் புகாரி (ரஹ்) தம் நூலின் வசிய்யத் பகுதியில் ஒரு பாடத்திற்கு இட்டிருக்கும் தலைப்பே நம் பொருளைத் தொடுகிறது. நிலத்தையோ கிணற்றையோ வக்ஃப் செய்தவர், மற்ற முஸ்லிம்களின் வாளிகளைப் போலத் தமக்கும் ஒரு வாளி என்று நிபந்தனையிட்டால் என்ன என்பது அத்தலைப்பு. ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்ட உஸ்மான் (ரலி) அவர்களின் செய்தி அதன் பின்னணி. அதே இடத்தில் மேலும் சில செய்திகளை இமாமவர்கள் கோர்த்து வைத்துள்ளார்கள். அனஸ் (ரலி) மதீனாவில் ஒரு வீட்டை வக்ஃப் செய்தார்கள். பின்னர் அவ்வூருக்கு வரும்போது அதிலேயே தங்குவார்கள். ஸுபைர் (ரலி) தம் வீடுகளை வக்ஃப் செய்தபோது, தம் பெண்மக்களில் மணவிலக்காகித் திரும்பி வந்தவர் அவற்றில் குடியிருக்கலாம் என்றும், அவருக்கு யாரும் இடையூறு செய்யலாகாது என்றும், மறுமணத்தால் தேவையற்றவராகிவிட்டால் அவ்வுரிமை இல்லை என்றும் விதித்தார்கள். இப்னு உமர் (ரலி) தம் தந்தையின் வீட்டில் தமக்குக் கிடைத்த பங்கை, அக்குடும்பத்தின் தேவையுள்ளோர் வசிப்பதற்காக ஒதுக்கினார்கள். வருமானம், குடியிருப்பு, ஆதரவற்ற மகள் என்று குடும்பத்தில் நாளை எழக்கூடிய தேவைகளை முன்கூட்டி எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட ஏற்பாடுகள் இவை.

உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலம் நன்கறியப்பட்டது. விற்கக் கூடாது, அன்பளிப்பாக்கக் கூடாது, வாரிசுரிமையாகவும் போகாது. வருவாய் ஏழைகளுக்கும் உறவினருக்கும் விருந்தினருக்கும் வழிப்போக்கருக்கும் உரியது. நிர்வகிப்பவர் முறையான அளவில் அதிலிருந்து உண்ணலாம். தமக்குப் பின் நிர்வாகம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் என்று உமர் (ரலி) எழுதி வைத்ததை அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். பெண்ணை முதவல்லியாக ஏற்கத் தயங்கும் நம் ஜமாஅத்துகள் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

இந்த முன்மாதிரிகளிலிருந்து சட்டம் வகுக்கும்போது அறிஞர்கள் பிரிந்தனர். ஹிஜ்ரி 182 இல் (கி.பி. 798) மறைந்த இமாம் அபூயூசுஃப் (ரஹ்), வாகிஃப் தம் ஆயுட்காலத்திற்கு வருவாயைத் தமக்கே ஒதுக்கிக்கொள்வது செல்லும் என்றார்கள். அவர்களின் இளைய தோழர் இமாம் முஹம்மத் (ரஹ்) ஏற்கவில்லை. சொத்தைக் கையளித்தால்தான் வக்ஃப் நிறைவுறும், தன் கையிலேயே பயனை வைத்துக்கொள்பவர் எதைக் கையளித்தார் என்பது அவர்களின் வாதம். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் அபூயூசுஃப் அவர்களின் கூற்றையே ஃபத்வாவுக்கு எடுத்துக்கொண்டனர். அவர்கள் கூறிய காரணம் கருதத்தக்கது: மக்கள் வக்ஃப் செய்ய ஆர்வம் கொள்ளவேண்டும் என்பதே அது. முதுமையில் கைநீட்டி நிற்க நேருமோ என்று அஞ்சுபவர் அறம் செய்ய மாட்டார். அந்த அச்சத்தை நீக்கிவிட்டால் செய்வார். மனித இயல்பை அறிந்த ஃபிக்ஹ் இது.

ஷாஃபிஈ மத்ஹபில் தனக்குத்தானே வக்ஃப் செய்வது செல்லாது என்பதே வலுவான கூற்று. ஏற்கெனவே தனக்குச் சொந்தமானதை மீண்டும் தனக்கே சொந்தமாக்குவது பொருளற்றது என்பது அதன் அடிப்படை. எனினும் அம்மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) தம் துஹ்ஃபாவில் ஆகுமான சில உபாயங்களைச் சுட்டுகிறார்கள். சொத்தை முதலில் நீண்ட காலத்திற்குத் தவணை வாடகைக்கு விட்டுவிட்டுப் பிறகு வக்ஃப் செய்வது ஒன்று. தம் தந்தையின் மக்களுக்கென்று வக்ஃப் செய்து, தமக்கு மட்டுமே பொருந்தும் பண்புகளை அதில் குறிப்பிடுவது மற்றொன்று. ஷாஃபிஈ முதியவரும் முற்றிலும் கைவிடப்படவில்லை.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குச் செய்த ஹிபாவைத் திரும்பப் பெறலாமா? ஹனஃபியில் கூடாது, நெருங்கிய இரத்த உறவினருக்குக் கொடுத்து, அவர் கைப்பற்றிவிட்டால் அத்துடன் முடிந்தது. ஷாஃபிஈயில் வேறு யாரும் ஹிபாவைத் திரும்பப் பெற இயலாது, பெற்றோர் மட்டும் தம் பிள்ளைக்குக் கொடுத்ததை, அது பிள்ளையின் உடைமையில் இருக்கும்வரை, திரும்பப் பெறலாம். ஆக, ஒரு மத்ஹப் வக்ஃபின் வழியாகத் திறந்து வைத்த கதவை மற்றொன்று ஹிபாவின் வழியாகத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டையும் ஒருசேர வாசிக்கும்போது, முதியவரின் கையில் ஏதேனும் ஒரு பிடி இருக்கவேண்டும் என்ற எண்ணம் நம் முன்னோர்களிடம் இருந்தது தெரிகிறது.

பிள்ளைகள் இருக்கையில் இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்கப்படலாம். பெற்றோருக்கான நஃபகா பிள்ளைகள்மீது கடமை என்பதில் ஐயமில்லை. ஹனஃபி நூல்கள் இதில் மகனையும் மகளையும் சமமாகவே பொறுப்பாக்குகின்றன. வாரிசுரிமையின் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு இங்கே இல்லை. தந்தைக்குப் பணியாளர் தேவைப்பட்டால் அவருடைய செலவும் அந்த நஃபகாவில் அடங்கும். இன்று வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம் இந்த வகையைச் சார்ந்ததே. ஆனால் அதே நூல்கள், மனைவியின் நஃபகா நீங்கலாக, ஒருவருடைய செலவு முதலில் அவருடைய சொந்தச் செல்வத்தின்மீதே விழும் என்றும் கூறுகின்றன. பெற்றோர் வசதியற்றவராக இருக்கும்போதே பிள்ளையின் கடமை தொடங்குகிறது. எனவே தம் செல்வத்தைத் தம் முதுமைக்கு ஒழுங்குபடுத்துவது பிள்ளைகள்மீதான அவநம்பிக்கை ஆகாது. ஷரீஅத் வகுத்த வரிசையே அதுதான்.

பிள்ளையும் இல்லை, செல்வமும் இல்லை என்றால் பைத்துல் மால். காலித் (ரலி) ஹீரா நகரத்து மக்களுடன் செய்த உடன்படிக்கையில், முதுமையால் உழைக்க இயலாதவரிடம் ஜிஸ்யா பெறப்படாது, அவரும் அவர் குடும்பமும் பைத்துல் மாலிலிருந்து பராமரிக்கப்படுவர் என்ற வாசகம் இருந்ததை அபூயூசுஃப் (ரஹ்) கிதாபுல் கராஜில் பதிவு செய்துள்ளார்கள். உமர் (ரலி) பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் யாசிப்பதைக் கண்டு, பைத்துல் மாலிலிருந்து அவருக்கு ஏற்பாடு செய்த செய்தியும் அந்நூலிலேயே இருக்கிறது. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம்.

குடும்பத்திற்கும் அரசுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றைக் கெய்ரோவின் வரலாற்றில் காணலாம். மம்லூக் சுல்தான் கலாவூன் 1284 இல் அங்கே எழுப்பிய மருத்துவமனையின் வக்ஃப் ஆவணம், ஆண், பெண், செல்வர், ஏழை என்ற வேறுபாடின்றி நோயாளியை ஏற்கச் சொன்னது. அதற்கு அடுத்த ஆண்டே, சுல்தான் பைபர்ஸின் மகளார் தத்கார்பாய் காத்தூன், ஸைனப் அல்பக்தாதிய்யா என்ற மார்க்க அறிவுமிக்க பெண்மணிக்காக ஒரு ரிபாத் கட்டினார். ரிபாத் அல்பக்தாதிய்யா என்று பெயர்பெற்ற அவ்விடத்தில் கணவரை இழந்தோரும், மணவிலக்கானோரும், கைவிடப்பட்டோரும் தங்கிப் பாதுகாப்புடன் வாழ்ந்தனர். கல்வியும் வழிபாடும் அங்கே இருந்தன. தலைவியாக எப்போதும் ஒரு பெண்ணே இருந்தார். ஹிஜ்ரி 806 ஐ ஒட்டிய இன்னல்களுக்குப் பிறகு அது நலிந்ததை மக்ரீஸீ எழுதியிருக்கிறார். ‘முதியோர் இல்லம்’ மேலை நாட்டிலிருந்து வந்த புதுப்பழக்கம் என்று நம்மவர் சிலர் முகம் சுளிக்கும்போது எனக்கு இந்த ரிபாத் நினைவுக்கு வரும்.

இந்தியாவில் குடும்ப வக்ஃபுக்கு நேர்ந்தது தனிக் கதை. வங்காளத்தில் இரு சகோதரர்கள் 1868 இல் தம் சொத்துக்களை வக்ஃப் செய்தனர். பயன் முதலில் தம் வழித்தோன்றல்களுக்கு. அவ்வழி அற்றுப்போனால் விதவைகள், அனாதைகள், ஏழைகளுக்கு. இது வழக்காகி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அபுல் ஃபத்தா முஹம்மத் இஸ்ஹாக் எதிர் ருசோமய் தர் சவுத்ரி என்னும் அவ்வழக்கில் 1894 இல் ஹாப்ஹவுஸ் பிரபு அளித்த தீர்ப்பு, ஏழைகளுக்கான பங்கு வெறும் கண்துடைப்பு, குடும்பத்தை வளப்படுத்துவதே நோக்கம் என்று கூறி அந்த வக்ஃபைச் செல்லாததாக்கியது. கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சையித் அமீர் அலி இதற்கு முன்பே, 1893 இல் பிக்கானி மியா வழக்கில், தன் உறவினரைப் பேணுவதும் இஸ்லாத்தில் ஸதகாவே என்று விரிவாக மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருந்தார். ஆங்கிலச் சட்டத்தின் ‘சாரிட்டி’ என்ற சொல் அந்நியருக்குக் கொடுப்பதை மட்டுமே குறித்தது. நம்முடைய ஸதகா வீட்டிலிருந்தே தொடங்குகிறது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட பிழை எத்தனையோ குடும்பங்களின் வக்ஃப் ஆவணங்களைக் காகிதமாக்கிவிட்டது.

இதை எதிர்த்து நத்வத்துல் உலமாவின் சார்பில் மவ்லானா ஷிப்லி நுஃமானீ இயக்கம் நடத்தினார்கள். முஹம்மத் அலி ஜின்னா 1911 மார்ச் 17 அன்று மத்தியச் சட்டசபையில் தனி உறுப்பினர் மசோதாவாக இதை முன்வைத்தார். 1913 மார்ச்சில் அது சட்டமாயிற்று. ஆலிம் ஒருவரும் பாரிஸ்டர் ஒருவரும் ஒரே நோக்கத்திற்காக வெவ்வேறு மொழியில் உழைத்த அரிய தருணம் அது. 1913 க்கு முந்தைய வக்ஃபுகளுக்கும் அச்சட்டம் பொருந்தும் என்று 1930 இல் மற்றொரு சட்டம் வந்தது. ஷாஃபிஈ மத்ஹபிலும் ஷீஆ சட்டத்திலும் தனக்கென வக்ஃப் செல்லாது என்பதாலேயே, நாம் தொடக்கத்தில் கண்ட உட்பிரிவு ஹனஃபிகளுக்கு மட்டும் என்று எழுதப்பட்டது.

குடும்ப வக்ஃபின் மறுபக்கத்தையும் மறைப்பது நேர்மையாகாது. கிரிகரி கோஸ்லோவ்ஸ்கி 1985 இல் வெளியிட்ட ஆய்வு நூல், பிரிட்டிஷ் இந்தியாவின் வக்ஃப் ஆவணங்கள் பலவற்றின் பின்னால் கடன்காரரிடமிருந்து சொத்தைக் காக்கும் நோக்கமும், குடும்பத்தின் உள்சண்டையும் இருந்ததைக் காட்டுகிறது. மகள்களின் பங்கைக் குறைக்கவும் இது பயன்பட்டது. சிரியா 1949 லும் எகிப்து 1952 லும் குடும்ப வக்ஃபை ஒழித்தன. ஸுபைர் (ரலி) மணவிலக்கான மகளுக்காக ஏற்படுத்திய வழியை, மகளுக்கு எதிராகவே திருப்பியவர்கள் நம் சமுதாயத்தில் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு கிளைக்கதை. வங்காள நவாப் மீர் ஜாஃபர் 1765 இல் இறந்தபோது ராபர்ட் கிளைவுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் விட்டுச் சென்றார். கிளைவ் அதைத் தாம் வைத்துக்கொள்ளாமல், கும்பினிப் படையில் உடல் தளர்ந்த அதிகாரிகள், வீரர்கள், அவர்தம் விதவைகள் ஆகியோருக்கான நிதியாக்கி 1770 இல் ஆவணம் எழுதினார். நம் பூந்தமல்லியில் 19 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைவீரர்கள் உடல் தேறுவதற்கான முகாம் இருந்தது. அத்தகைய வீரர்களின் முதுமைக்குச் சோறிட்ட நிதி ஒன்றின் மூலதனம் ஒரு முஸ்லிம் நவாபின் பணம் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்! ஆனால் கும்பினிக்குப் படை இல்லாமல் போனால் பணம் தம் வாரிசுகளுக்குத் திரும்பவேண்டும் என்று கிளைவ் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். 1858 இல் கும்பினி ஆட்சி முடிந்ததும் வாரிசுகள் வழக்காடி மூலதனத்தைப் பெற்றுக்கொண்டனர். வக்ஃபாக இருந்திருந்தால் அது திரும்பியிராது.

இனி நூம்பலுக்கு வருவோம். வேலப்பன்சாவடியை அடுத்த இச்சிற்றூர் விளைநிலமாக இருந்து மனைப்பிரிவுகளாகவும் அடுக்குமாடிகளாகவும் மாறிய புறநகர்களில் ஒன்று. நகரின் நெரிசலிலிருந்து விலகி, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு இங்கே ஒரு வீடு வாங்கியவர்களுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு சொத்து பெரும்பாலும் இல்லை. மகன் வளைகுடாவில் அல்லது பெங்களூரில். மகள் புகுந்த வீட்டில். மூட்டு வலியில் தொடங்கி மறதி நோயில் முடியும் பத்து, பதினைந்து ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்ற கேள்வி வரும்போது, நாம் செய்யும் முதல் காரியம் சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் சென்று வீட்டை ஒரு பிள்ளையின் பெயருக்குத் ‘தான செட்டில்மென்ட்’ எழுதிக்கொடுப்பது. பத்திரத்தில் ‘அன்பினாலும் பிரியத்தினாலும்’ என்ற வாசகம் தவறாமல் இருக்கும். பார்த்துக்கொள்ளவேண்டும் என்ற வாசகம் இருக்காது. அதை எழுதச் சொல்வது பிள்ளையை அவமதிப்பது என்று கருதுகிறோம்.

2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றவேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுக்கப்பட்ட சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால், தீர்ப்பாயம் வழியாக இரத்து செய்ய வகை செய்கிறது. நிபந்தனை இருந்ததாக நிறுவப்படாதபோது இப்பிரிவு பொருந்தாது என்று 2022 டிசம்பரில் சுதேஷ் சிகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம் முதியவருக்குச் சாதகமாகச் சட்டத்தை விரிந்த பொருளில் வாசித்தது. அங்கே பராமரிப்பேன் என்று மகன் தனியே எழுதிக்கொடுத்த உறுதிமொழி இருந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால், எழுதப்பட்டது காக்கிறது, மனத்தில் இருந்தது வழக்காடவேண்டியதாகிறது. மாத பராமரிப்புத் தொகைக்கு 2007 ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த உச்சவரம்பு 10,000 ரூபாய். இரவும் பகலும் ஆள் வைக்கவேண்டிய நிலையில் அது எத்தனை நாளுக்குக் காணும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஹிபாவில் நிபந்தனை சேர்ப்பது ஹனஃபி ஃபிக்ஹின்படி சிக்கலானது: முறையற்ற நிபந்தனை வீழும், ஹிபா நிற்கும். இதற்கு ஒரு மாற்று வழி 1867 ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சிலில் ஏற்கப்பட்டிருக்கிறது. நவாப் அம்ஜத் அலி கான் வழக்கில், தந்தை தம் அரசுக் கடன் பத்திரங்களை மகனுக்கு முழுமையாக மாற்றிக் கொடுத்துவிட்டு, ஆயுள் உள்ளவரை அவற்றின் வருமானம் தமக்கே என்று ஏற்பாடு செய்திருந்தார். பொருள் மாறிவிட்டது, பயன் மட்டும் ஒதுக்கப்பட்டது. எனவே ஹிபா செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 1948 இல் நவாஸிஷ் அலி கான் வழக்கிலும் ‘அய்ன்’ வேறு, ‘மன்ஃபஅத்’ வேறு என்ற பாகுபாட்டை அதே மன்றம் விளக்கியது. பொருளுக்கும் அதன் பயனுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டை மத்ரஸாவின் நடுத்தர வகுப்பு மாணவரும் அறிவார். பத்திர எழுத்தர்தாம் அறியாதிருக்கிறார்.

வசிய்யத்தை நம்பி இருப்பதில் பயன் குறைவு. அது இறந்த பிறகே உயிர்பெறும். மூன்றில் ஒன்றைத் தாண்டாது. வாரிசுக்குச் செய்தால் மற்ற வாரிசுகள் இசையவேண்டும். மரணப் படுக்கையில் கொடுக்கும் ஹிபாவுக்கும் இதே வரம்புகள் உண்டு. பத்தாண்டுகள் தாயைக் கவனித்த மகளுக்குக் கூடுதலாக ஏதேனும் கொடுக்க விரும்பும் தாய், நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே அதைச் செய்யவேண்டும். அந்த மகளின் உழைப்புக்கு முறையான ஊதியம் பேசி மாதந்தோறும் கொடுத்துவிடுவது எனக்கு இன்னும் சரியானதாகப் படுகிறது.

வக்ஃப் எல்லாருக்கும் உகந்ததன்று என்பது என் கருத்து. அதைத் திரும்பப் பெற இயலாது. குடியிருக்கும் ஒரே வீடு வருமானம் தராது. கடை வாடகையோ இரண்டாவது மனையோ உள்ள ஹனஃபிகளுக்கு 1913 இன் உட்பிரிவு மெய்யான வழி. 2025 ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டம், குடும்ப வக்ஃப் பெண் வாரிசுகள் உள்ளிட்ட எவருடைய வாரிசுரிமையையும் மறுப்பதாக அமையக் கூடாது என்று விதித்திருக்கிறது. அத்திருத்தத்தின் வேறு பல பகுதிகளோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. இந்த ஒரு வாசகத்தை மட்டும், நம் ஆலிம்கள் முன்பே ஒரு ஃபத்வாவாக எழுதியிருக்கலாமே என்ற ஏக்கத்துடன் வாசித்தேன்.

எங்கள் வகுப்பாரைப் பற்றியும் ஒரு சொல். இமாம்கள், முஅத்தின்கள், அரபி ஆசிரியர்கள் ஆகியோருக்கு ஓய்வூதியமோ சேமநிதியோ கிடைப்பது அரிது. தமிழ்நாட்டில் 1981 முதல் வக்ஃப் வாரியம் வழியாக உலமா ஓய்வூதியத் திட்டம் நடந்துவருகிறது. வக்ஃப் நிறுவனங்களில் இருபது ஆண்டு பணியாற்றி அறுபது வயதைக் கடந்தவர்களுக்கானது அது. 2020 இல் மாதம் 1,500 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. அரசைக் குறை சொல்வதற்கு முன், ஒரு மஹல்லா தன் இமாமுக்கு மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வருவதற்கு என்ன தடை என்று கேட்கத் தோன்றுகிறது. பள்ளிவாசலின் கடை வாடகையில் மினாராவுக்கு வண்ணம் பூச ஒதுக்கும் ஜமாஅத்துக்கு இது இயலாததன்று.

ஒரு மாடியையோ இரண்டு அறைகளையோ ரிபாத் அல்பக்தாதிய்யாவைப் போல ஆதரவற்ற முதிய பெண்களின் குடியிருப்புக்கென்று பெயர் குறிப்பிட்டு வக்ஃப் செய்ய நூம்பலிலோ பூந்தமல்லியிலோ ஒருவர் முன்வந்தால், அந்த ஆவணத்தில் எழுதவேண்டியவை மூன்று. யார் தங்கலாம் என்பது ஒன்று. நிர்வாகப் பொறுப்பு ஒரு பெண்ணிடம் இருக்கவேண்டும் என்பது மற்றொன்று. வாகிஃபுக்கே முதுமையில் தேவை நேர்ந்தால், மற்றவர்களைப் போல அவருக்கும் அங்கே ஓர் இடம் உண்டு என்பது மூன்றாவது. கடைசி வாசகத்தில் ஷாஃபிஈ வாகிஃபும் தயங்கவேண்டியதில்லை. பொதுவான ஒரு தகுதியை வைத்து வக்ஃப் செய்தபின் தாமும் அத்தகுதிக்குள் வந்துவிட்டால் மற்றவர்களோடு சேர்ந்து அதன் பயனை நுகரலாம் என்று அம்மத்ஹபின் நூல்களும் அனுமதிக்கின்றன.